பதினோரு புள்ளி

தை பிறக்க இன்னும் நாலு நாள்.
காசிமேட்டில் விடிகாலை நாலரை.
கடல் பக்கமிருந்து வருவதைக் காற்று என்று சொல்ல முடியாது,
யாரோ ஈரத்துணியை முகத்துக்கு நேரே உதறுகிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ராத்திரியே கொட்டிவைத்த ஐஸ்.
இந்தப் பக்கம் நானும் நவ்ஷாத்தும்
வெட்டிக் கொண்டுவந்த வெள்ளை வினைலும்.
ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறோம்.
துணியை மடிப்பதற்குள் வேர்த்துவிடுகிறது.
குளிரில் வேர்க்கிற பொருள்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.
தவணைக்காரன் வருகிற அன்றைக்கு
என்னையும் சேர்த்தால் இரண்டு.

வெயில் நாளில் இந்த வினைல்
கேட்காமலே ஒட்டும், தப்பான இடத்திலும்.
இப்போது பசை மரத்துக் கிடக்கிறது.
டேப்பை உரித்தால்
வஞ்சிரம் டேப்போடே திரும்பி வருகிறது,
பள்ளிக்கூட வாசலில்
அம்மா முந்தானையை விடாத பிள்ளையாக.

"ஐஸைக் கொஞ்சம் எடுங்க,
கண்ணாடி சூடேறட்டும்."

தேசராணி திரும்பாமலே சொன்னாள்:
"எய்த்து இல்லாங்காட்டி மீனு கெட்டுப்பூடாது.
ஐஸு இல்லாங்காட்டி இன்னா ஆவும்னு
நீயே சொல்லு."

இருபது வருஷம் ரோட்டோரம் பலகை போட்டு விற்றவள்.
கதவும் கண்ணாடியும் வைத்த முதல் கடை.
ஆறரைக்குத் திறப்பு.
பால் காய்ச்ச வைத்திருந்த ஸ்டவ்வை நவ்ஷாத் பார்த்தான்.
நான் நவ்ஷாத்தைப் பார்த்தேன்.
சில்லிட்ட கண்ணாடியில் சட்டென்று சூடு பட்டால்
படீரென்று ஒரு கோடு,
அது எந்த மொழியிலும் எழுத்தில்லை.

கடைசியில் ஒரு சாண் பேரம் படிந்தது.
கண்ணாடியிலிருந்து ஒரு சாண் ஐஸைப் பின்னால் தள்ளினாள்,
தன் கையால் அளந்து,
என் கையால் அல்ல.

அது காய்கிற வரைக்கும்
எழுத்துத் தாளையெல்லாம் சட்டைக்குள் செருகி
வயிற்றோடு சேர்த்துப் பொத்தான் போட்டு நின்றேன்.
சங்கரா, வவ்வால், நெத்திலி,
காணாங்கெளுத்தி,
மொத்தக் கடையும் உள்ளே. டீ வாங்கக்கூடக் குனியவில்லை.

கொடுவாதான் முதலில் பிடித்தது.
அதற்குப் புள்ளி கிடையாது.

எழுத்துக்கு உடம்பு உண்டு, ஊன்றிக்கொள்ளும்.
புள்ளிக்கு என்ன இருக்கிறது? மிளகத்தனை.
விழுந்தால் மெய் வாயைத் திறந்துவிடும்,
மீன் மீன ஆகும், நண்டு நணடு ஆகும்.
இதற்காக மூன்றாம் வகுப்பில் முழங்காலில் நின்றவன் நான்.
கடைப்பெயரில் ஒன்று, பட்டியலில் பத்து.
ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தி
முப்பது வரை எண்ணினேன்.
ஏழாவதில் விரல் யாருடையதோ ஆகிவிட்டது.

பத்து.

இறால மட்டும் திறந்த வாயோடு நிற்கிறது.
தரையில் தேடினோம். ஸ்குவீஜி விளிம்பில்,
நவ்ஷாத் தலைமுடியில்.
ஐஸ் மேல் விழுந்திருந்தால்
வெள்ளையில் வெள்ளை, விட்டுவிட வேண்டியதுதான்.

"ஓலையில புள்ளி குத்துனா கிழிஞ்சிடும்னு
அந்தக் காலத்துல வைக்கவே மாட்டாங்களாம் அக்கா,"
என்றான் நவ்ஷாத்.
"அப்போ பத்துக்குத்தான் துட்டு,"
என்றாள் தேசராணி.

பால் பொங்கியது. முதல் ஆள் வந்தார்,
குரங்குக் குல்லா, கையில் தூக்கு.
கண்ணாடியில் ஒரு எழுத்தையும் பார்க்கவில்லை.
நேரே உள்ளே போய்ச்
செவுளைத் தூக்கிப் பார்த்தார்.
சிவப்பாக இருந்தது.
அதைப் படித்துவிட்டு விலை கேட்டார்.

ராத்திரி வீட்டில் சட்டையைக் கழற்றும்போது
தொப்புளுக்குப் பக்கத்தில்
வெள்ளையாக ஒன்று.
பகலெல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது.
நகத்தால் கிள்ளி உரித்தேன்.
ரெண்டு முடியோடு வந்தது,
வலித்தது.
அப்படிப் பிடித்திருந்தது.